மல்லிகை சென்ட் கிட்ட வந்தால்தான் மணக்கிறது, ஏன்?

சிறு தயாரிப்பாளர் ஒருவரிடம் ஆசையாக ஒரு மல்லிகை சென்ட் வாங்குகிறீர்கள். மணிக்கட்டில் அடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, "வாசனையே காணோமே" என்று தோன்றுகிறது. அந்தக் காசுக்கு ஈப்போ லிட்டில் இந்தியாவில் எத்தனை முழம் பூ வாங்கியிருக்கலாம்! ஏமாந்துவிட்டீர்களா? அவசரப்பட வேண்டாம்.

மல்லிகை மணம் என்பது பல வேதிப்பொருள்களின் கலவை. பென்சைல் அசிடேட், லினலூல் இரண்டும் லேசானவை. பளிச்சென்று எழும், சீக்கிரம் பறந்துவிடும். இண்டோல் கதை வேறு. அளவு மீறினால் அது மலத்தின் நாற்றம் (ஆமாம், நிஜமாகவே). துளியளவு இருந்தால், உடம்புச் சூட்டோடு கலந்த பூவின் மணம். அதை முழுக்க எடுத்துவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு வாசனையாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. மல்லிகையை மொட்டாகப் பறிக்கிறோம். சரமாகக் கட்டிய பிறகும் அது உயிரோடுதான் இருக்கிறது. மாலையில் விரிந்து, புதிது புதிதாக மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சென்டால் அது முடியாது. புட்டியில் அடைத்தது எவ்வளவோ அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், ஒட்டுப்பால் நாற்றம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாலில் உள்ள புரதத்தையும் மற்றவற்றையும் பாக்டீரியா சிதைக்கும்போது கொழுப்பு அமிலங்கள் உண்டாகும். அந்த வாடை கையிலும் துணியிலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க அதில் உழைத்து, குளித்து, மாலையில் தலையில் வைத்த பூ தெருவுக்காக மணக்கவில்லை. தனக்கும், பக்கத்தில் உட்காருபவருக்கும்தான். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்து வாசலில் நின்ற மல்லிகைச் செடியும் அதோடு போயிற்று.

அந்த மணத்தைப் புட்டியில் கொண்டுவர நினைப்பவர் சத்தமான சென்ட் செய்தால்தான் தப்பு. பேரங்காடியில் விற்கும் பெரிய பிராண்டுக்கு, காகிதப் பட்டையில் அடித்த நொடியே உங்களைக் கவர வேண்டிய கட்டாயம். சிறு தயாரிப்பாளருக்கு அது அவ்வளவாக இல்லை. 1966-இல் வந்த டியோரின் 'ஓ சொவாஜ்' மூலம் புகழ்பெற்ற 'ஹெடியோன்' மென்மையான, காற்றோட்டமான மல்லிகைச் சாயலைத் தருகிறது. அதனுடன் எளிதில் ஆவியாகாத கஸ்தூரி வகைச் செயற்கைப் பொருள்களைச் சேர்த்தால், மணம் தோலை ஒட்டியே தங்கும்.

மென்மை என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சீனர்கள் தேநீரில் போடும் ஓஸ்மாந்தஸ் பூவை வைத்து, மலேசியாவின் 'ஆஃபொரி' நிறுவனச் சகோதரர்கள் செய்த 'மியாகோ', 2016-இல் அனைத்துலக 'ஆர்ட் அண்ட் ஓல்பாக்ஷன்' விருதில் கைவினைப் பிரிவில் வென்றது.

மூக்கையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் மூளை அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். சில கஸ்தூரி வகைகள் சிலருக்கு மணப்பதே இல்லை. அதனால் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் கேளுங்கள், "மணக்குதா?" என்று.

உண்மையிலேயே உஷாராக வேண்டிய இடம் விலை. ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்கச் சுமார் 700 முதல் 1,000 கிலோ பூ வேண்டும். மதுரை, கோவை வட்டாரங்களில் அதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன. ஆகவே 30 ரிங்கிட்டுக்கு "நூறு விழுக்காடு அசல் மல்லிகை" என்று யாராவது விற்றால், கணக்கு உதைக்கிறது. செயற்கைப் பொருள் கலப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் பிரச்சினை.

மலேசியாவில் சென்டும் அழகுசாதனப் பொருள்தான். விற்பனைக்கு முன் என்பிஆர்ஏ எனும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். 'என்.ஓ.டி.' எனத் தொடங்கும் எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்கி, அந்நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். வாங்கிய பிறகு முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு துளி வைத்து, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மல்லிகைச் சாறு சிலருக்கு அரிப்பைத் தரும்.