படத்தைப் பார்க்காமல் பணத்தைக் கட்டாதீர்கள்

சித்தப்பாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி மண்ணச்சநல்லூரிலிருந்து புறப்பட்டால் அதிகபட்சம் திருச்சி காந்தி மார்க்கெட் வரை போகும். அதை விற்று, வாங்கியவர் பேருக்கு மாற்றப் போன இடத்தில்தான் வண்டியின் மேல் பழைய சலான் ஒன்று நிலுவையில் இருப்பது தெரிந்தது. ஹெல்மெட் போடவில்லை, அபராதம் 1,000 ரூபாய், இடம் சென்னை, தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது.

"ஆயிரம் ரூபாதானே, கட்டிட்டுப் போயிடலாம்டா. வாங்கினவர் வெயில்ல நிக்கிறார்" என்றார் சித்தப்பா.

"இருங்க சித்தப்பா, முதல்ல படத்தைப் பார்த்துடலாம்" என்றேன்.

செல்போனில் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தைத் திறந்து சலானை எடுத்தோம். படத்தில் இருந்தது கறுப்பு நிறப் பல்சர். விரல் வைத்துப் பெரிதாக்கினால், நம்பர் பிளேட்டின் கடைசி எண் 8. அதன் இடது ஓரத்தில் சேறு அப்பியிருந்ததால் 3 போலத் தெரிந்தது. சித்தப்பாவின் வண்டி எண் 3-ல் முடிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இப்படிப் பிழை வருவது அதிசயமில்லை. எண்ணைப் படிக்கும் கேமரா 8-ஐயும் B-ஐயும் மாற்றிப் படிக்கலாம். வெயிலில் நின்று கருவியில் எண்ணைத் தட்டும் காவலரின் விரல் ஓரெழுத்து தவறலாம். வேறொருவர் உங்கள் எண்ணையே போலியாக எழுதிக்கொண்டு ஓட்டலாம். எது நடந்தாலும் சலான் உங்கள் பேருக்குத்தான் வரும். ஆர்.சி.யில் பழைய செல்போன் எண் இருந்தால் குறுஞ்செய்தியும் வராது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும் நாளில்தான் தெரியும். அந்த அவசரத்தில் பலரும் கட்டிவிடுகிறார்கள்.

கட்டுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி, அபராதம் கட்டுவது என்பது குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்வது. அதோடு வழக்கு முடியும். தவறு உங்களுடையதல்ல என்று சொல்லும் வாய்ப்பும் அநேகமாக முடிந்துவிடும். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. தொகை சின்னது என்பதற்காகச் செய்யாத தப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சலானில் எதைப் பார்ப்பது? வண்டியின் வகை, நிறம், இடம், நேரம், சட்டப் பிரிவு. கேமரா மூலம் போட்ட சலான் என்றால் உங்களுக்கு இன்னும் வலுவான பிடி உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. அதன்படி, நம்பர் பிளேட் தெரியும்படியான படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவை மீறினீர்கள் என்ற விவரம் எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். அந்தக் கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். சலான் முடிவுக்கு வரும்வரை மின்னணுப் பதிவை அழிக்கக் கூடாது. ஆகவே, "பழைய படமெல்லாம் இல்லை" என்று யாராவது சொன்னால் அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் அன்று பணம் கட்டவில்லை. சலானையும் படத்தையும் சேமித்தோம். எக்ஸ்.எல். வண்டியை முன்னும் பின்னும் நம்பர் பிளேட் தெரியப் படம் எடுத்தோம். ஆர்.சி. நகலையும் சேர்த்து இ-சலான் தளத்திலேயே உள்ள புகார் பகுதியில் ஏற்றினோம். அதே விவரத்தை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, சலான் போட்ட போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடிதத்தில் கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "படத்தில் இருப்பது பல்சர், என் வண்டி மொபெட், கடைசி எண் 8, என்னுடையது 3" என்பது போதும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மூலப் படம், நோட்டீஸ் அனுப்பிய தேதி, கேமராவின் ஒப்புதல் சான்றிதழ் ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சலான் இணையவழி மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அங்கே இரண்டு வழி காட்டும்: அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு சம்பந்தப்பட்ட நடுவர் நீதிமன்றத்துக்கு மாறும். கோர்ட் என்றதும் பயப்பட வேண்டாம். காகிதங்களோடு போனால் நீங்களே சொல்லலாம். வக்கீல் வேண்டும், வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச உதவி உண்டு. லோக் அதாலத்துக்குப் போகலாமே என்பார்கள். அது சமரசத்துக்கான இடம். தவறு செய்தவர் வழக்கை முடித்துக்கொள்ள நல்ல வழி. தவறே செய்யாதவர் அங்கே போய்த் தொகையைப் பேசி ஒத்துக்கொண்டால், அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது.

பழைய சலான் என்பதால் கால வரம்பையும் பார்க்க வேண்டும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கக் கூடாது. ஓராண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு. இதை முன்பு சொன்னது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-வது பிரிவு. ஆனால் "ஆறு மாசம் போச்சு, தானா அழிஞ்சிடும்" என்று டீக்கடையில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். வழக்கு தாக்கலான தேதிதான் கணக்கு என்று 2013-ல் சாரா மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நேரத்தில் தாக்கல் செய்திருந்தால் வருடக்கணக்கில் நிலுவையில் கிடந்தாலும் அது செல்லும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. எனவே தாக்கல் தேதியைக் கேட்டு, கால வரம்பு தாண்டியிருந்தால் அதை நீங்களேதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

விற்ற வண்டிக்குச் சலான் வந்தால் கதை வேறு. ஆர்.சி.யில் உங்கள் பேர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அவர் மாத்திக்குவார்" என்று விட்டுவிடாதீர்கள்.

படத்தில் உங்கள் எண்ணையே எழுதிய வேறு வண்டி இருந்தால் சலானை ரத்து செய்வதோடு நிற்காதீர்கள். அந்த வண்டி நாளை ஒருவரை இடித்துவிட்டுப் போனாலும் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு வாங்கி வாருங்கள்.

கடைசியாக ஒன்று: வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்குச் சலான்" என்று ஒரு ஏ.பி.கே. கோப்பு வந்தால் திறக்கவே வேண்டாம். அது போனுக்குள் புகுந்து வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி. திறந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். உண்மையான சலானா என்பதை பரிவாகன் தளத்தில் நீங்களே வண்டி எண் போட்டுப் பார்க்கலாம்.

சித்தப்பாவின் சலான் ஏழாவது வாரம் நிலுவைப் பட்டியலிலிருந்து நீங்கியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வண்டி வாங்கியவரிடம் ஒரு நகல் கொடுத்தோம். இன்னொன்று சித்தப்பாவின் பீரோவில், பழைய ஆர்.சி. நகலோடு இருக்கிறது.