மாணவரின் வெற்றியும் வீட்டின் பங்கும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஊரில் எல்லோரும் பள்ளியிடம் கேட்பது ஒன்றுதான்: ‘முதல் மார்க் யாரு?’ பொதுத்தேர்வுகளில் தரவரிசைப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை நம் அரசு 2017-இல் கைவிட்டது. ஆனால் அந்தப் பட்டியல் நம் மனங்களை விட்டு இன்னும் போகவில்லை. வகுப்பில் ஒருவர்தான் முதலிடம் பெற முடியும். அப்படியானால் மற்ற மாணவர்களுக்கு வெற்றி என்பது என்ன?

தொடங்கிய இடத்திலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதே அவருடைய வெற்றி. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண் பெறும் 320 மதிப்பெண்ணையும், பெற்றோர் இருவரும் பட்டதாரிகளாக உள்ள வீட்டுப் பிள்ளை பெறும் 450 மதிப்பெண்ணையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

இந்தப் பயணத்தில் குடும்பத்தின் பங்கு என்ன? பெற்றோர் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது: “எங்களுக்கு என்னங்க சார் தெரியும்? நீங்களே பார்த்துக்குங்க.” இதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது அக்கறையின்மை அல்ல. படிக்காத தம்மால் பிள்ளையின் படிப்புக்கு எதுவும் செய்ய முடியாது என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள்.

ஒரு தாய் செய்தது

அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு நம் பக்கத்து மாவட்டமான சேலத்திலேயே சான்று உண்டு. பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து செல்லும்போது பேருந்து மோதி வலது கால் பாதிக்கப்பட்டார். தாயார் சரோஜா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். மருத்துவச் செலவுக்குக் கடனும் வாங்கினார். மகனை வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் தொடர்ந்து பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவருடைய திறமையைக் கண்டு, உயரம் தாண்டுதலில் ஊக்கப்படுத்தினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024 பாரிஸ் போட்டியில் வெண்கலமும் பெற்றார்.

உயரம் தாண்டும் நுட்பத்தை அந்தத் தாய் சொல்லித் தரவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அதனால்தான் ஓர் ஆசிரியரின் பார்வை அந்தச் சிறுவன் மீது பட்டது. படிக்காத பெற்றோரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இதுபோன்ற உதவியைத்தான்.

யாருடைய செலவில்?

குடும்பம் என்றால் பெற்றோர் மட்டுமல்லர். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்வதற்கான பணத்துக்காக அவருடைய அக்கா சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதை நாம் பலமுறை வகுப்பில் சொல்லியிருப்போம். சொல்லும்போது ஒன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அடகு வைத்த நகையைத் திருப்பிவிடலாம். ஆனால் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அக்கா விட்ட படிப்பைத் திருப்புவது கடினம்.

எறையூர்ப் பகுதியில் சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு வெட்டும் குடும்பங்கள் உண்டு. சின்ன வெங்காயம், மக்காச்சோள அறுவடைக்குப் போகிறவர்கள் உண்டு. இப்போது சிப்காட் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார்களும் உண்டு. அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் சமையலும் கைக்குழந்தையும் பெரும்பாலும் மூத்த பெண்ணின் தலையில் விழுகின்றன. வருகைப் பதிவேட்டில் வாரம் ஒருநாள் விடுப்பு விழத் தொடங்கினால் அது முதல் அறிகுறி. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அதைக் கவனிக்காவிட்டால், அடுத்ததாக நாம் கேள்விப்படுவது அந்தப் பெண்ணின் திருமணச் செய்தியாக இருக்கலாம். ஒரு பிள்ளையின் வெற்றிக்காக இன்னொரு பிள்ளை பின்தங்குவதைக் குடும்ப ஆதரவு என்று பாராட்ட முடியாது.

நாம் செய்யக்கூடியவை

‘பிள்ளையை நன்றாகப் படிக்க வையுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, பெற்றோருக்கு ஒரே ஒரு வேலையைத் தெளிவாகச் சொல்லலாம்: மாலை ஏழிலிருந்து எட்டு மணி வரை தொலைக்காட்சியை நிறுத்துங்கள், அந்த நேரத்தில் பிள்ளையிடம் எந்த வேலையும் சொல்லாதீர்கள், இன்று என்ன படித்தாய் என்று கேளுங்கள். இதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

பள்ளியிலிருந்து போகும் முதல் அழைப்பு புகாராக இருக்கக் கூடாது. ‘உங்கள் மகன் இன்று பெருக்கல் கணக்கைப் பலகையில் தானே போட்டான்’ என்ற செய்தி ஒரு தந்தையைப் பள்ளிக்கு நெருக்கமாக்கும். பிறகு குறையைச் சொன்னாலும் கேட்பார்.

பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலை செய்பவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி அவர்களுக்கு ஏற்ற நேரத்தை முடிவு செய்யலாம்.

உயர்கல்வி உதவிகளைப் பெண்ணிடம் மட்டுமன்றி அவர் வீட்டாரிடமும் விளக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கும் இதே தொகையை வழங்குகிறது. பத்தாம் வகுப்போடு நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு எழும்போது, அதற்கு முன்பே இந்தத் தகவல் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு ஒவ்வொரு மாணவரின் பெயருக்கு நேராகவும், அவர் படிப்புக்கு வீட்டில் துணை நிற்பவர் யார் என்று எழுதிப் பார்ப்போம். அம்மாவாகவோ பாட்டியாகவோ மாமாவாகவோ இருக்கலாம். எந்தப் பெயருக்கு நேராக எழுத யாரும் இல்லையோ, அந்த மாணவரின் வீட்டுக்குத்தான் நாம் முதலில் போக வேண்டும்.