‘மேல்’ என்னும் சொல்லும் அதன் பொருட்பாகுபாடும்

நாள்தோறும் நாவில் வழங்கும் சிறு சொற்கள், எளியனவாகத் தோன்றும் காரணத்தாலேயே ஆராய்ச்சியாளர் நோக்கிற்குத் தப்பிவிடுகின்றன. அருஞ்சொல் ஒன்று வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். ‘மேல்’ என்று வந்தால் பொருள் தெரிந்ததெனக் கருதி அப்பாற் செல்கிறோம். ஆங்கிலத்தில் ‘அப்’, ‘ஓவர்’ முதலிய சொற்களின் பலவகைப் பொருள்களைப் பற்றி மொழியறிஞர் விரிவாக எழுதியுள்ளனர். நம் ‘மேல்’ பொருள்வளத்தில் அவற்றிற்கு இளைத்ததன்று. அதனைத் திண்டுக்கல் வட்டார வழக்கோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. முதுகலை மாணவர் சிலருடன் ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய நிலப்பத்திரம் ஒன்றைப் படித்தோம். நான்கெல்லை கூறுமிடத்து ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்றிருந்தது. மாணவர் ஒருவர் ‘மேற்கெல்லை வாய்க்கால்’ என்று குறித்துக்கொண்டார். பத்திரம் கூறியதோ, நிலம் வாய்க்காலுக்கு மேற்கே உள்ளது என்பது; அஃதாவது வாய்க்கால் நிலத்தின் கிழக்கெல்லை. ஒரு சொல்லைப் பிழைபடக் கொண்டதால் நிலம் மறுகரைக்குப் போய்விட்டது. கல்வெட்டுகளிலும் ‘கீழ்பாற்கெல்லை’ என்று தொடங்கி ‘இன்னதற்கு மேற்கு’ என்று முடிப்பதே மரபு. இம்மரபை அறியாதவர் ஊரெல்லையைத் தலைகீழாக வரைந்துவிடுவர்.

‘மேல்’ என்பதன் முதற்பொருள் உயரம், அடுத்தது திசை. மேல், கீழ் என்னும் சொற்களினின்று மேற்கு, கிழக்கு என்னும் திசைப்பெயர்கள் பிறந்தன என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், தமிழகத்தின் மேற்கே மலைத்தொடர் உயர்ந்தும் கிழக்கே நிலம் கடல் நோக்கித் தாழ்ந்தும் கிடத்தலே இதற்குக் காரணம் என்றார். மலையாளத்தில் மலை இருப்பது கிழக்கே; எனினும் அங்கும் அத்திசை ‘கிழக்கு’ என்றே வழங்குகிறது. மலைக்குக் கீழ்ப்புறத்தே பிறந்த சொல்லை மலையைத் தாண்டிச் சென்ற மக்கள் உடன்கொண்டு சென்றனர் என்பது அவர் கருத்து. மேற்றிசைக்கு அங்கே ஞாயிறு படுதலைக் குறிக்கும் ‘படிஞ்ஞாறு’ என்னும் சொல் வழங்குதலும் இங்கே கருதத்தக்கது.

இக்கருத்தைத் திண்டுக்கல் நிலத்தில் வைத்துப் பார்ப்போம். பழனிமலை இந்நிலத்திற்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ளது. அவ்வளவில் சொல்லும் நிலமும் பொருந்துகின்றன. ஆனால் தெற்கே சிறுமலையும் கிழக்கே கரந்தமலையும் நிற்கின்றன. இங்குள்ளார் கரந்தமலைக்கு ஏறுவது கீழ்த்திசை நோக்கியே. பழனிமலையின் கீழ்ப்பகுதியில் தோன்றும் குடகனாறோ கிழக்கு நோக்கி ஓடுவதில்லை. வடக்கு நோக்கி ஓடி அமராவதியோடு கூடுகிறது. ஆற்றின் போக்கைக் கொண்டு திசைக்குப் பெயர் அமைந்திருப்பின் இங்கே ‘மேல்’ என்பது தெற்கைக் குறித்திருத்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கவில்லை. உழவர் பேச்சில் ‘மேக்கால போயி வடக்கால திரும்பு’ என்பதில் ‘மேக்கால’ என்பது ஞாயிறு மறையும் திசையே அன்றி வேறன்று. ஆனி, ஆடித் திங்களில் வீசும் ‘மேகாத்து’ என்பதும் மேல்காற்றே. உயரத்தில் வீசும் காற்று அன்று.

இதனாற் பெறப்படுவது யாது? சொல்லின் பிறப்பு வேறு; அதன் வழக்கு வேறு. பிறந்த இடத்தில் உயரத்தைச் சுட்டிய சொல், திசைப்பெயராக நிலைபெற்றபின் நிலச்சரிவை நோக்குவதில்லை. கால்டுவெல் கூற்றை இச்சான்று மறுக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது.

திசைப்பொருள் இவ்வாறு உறுதிப்பட்ட சமவெளியில், உயர்வு தாழ்வைக் குறிக்க மக்கள் வேறு சொற்களை நாடினர். திண்டுக்கல் நகரை ஒட்டி மேட்டுப்பட்டியும் உண்டு, பள்ளப்பட்டியும் உண்டு. மேடு, பள்ளம் என்பன நில அமைப்பைக் கூற, மேல், கீழ் என்பன திசையைக் கூறுகின்றன. மதுரையில் மேலமாசி வீதி, கீழமாசி வீதி என வழங்குவன திசையால் அமைந்த பெயர்கள். திண்டுக்கல்லிலோ மேற்கு ரத வீதி, கிழக்கு ரத வீதி என ஐயத்திற்கு இடமின்றி வழங்குகின்றன.

இரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடமும் உண்டு. பழனிமலையை மக்கள் மேல்மலை, கீழ்மலை எனப் பிரித்து வழங்குவர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலியன மேல்மலை ஊர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலியன கீழ்மலை ஊர்கள். மேல்மலை உயரத்தாலும் மேலது, திசையாலும் மேலது. பெயரை மட்டும் கொண்டு இவற்றுள் எது முற்பட்ட பொருள் என முடிவு கட்டுதல் இயலாது. இத்தகைய இடங்களில் ஒன்றையே வற்புறுத்தல் ஆராய்ச்சி நெறியாகாது.

இனி இலக்கணம் நோக்குவோம். தொல்காப்பியர் வேற்றுமையியலில் ஏழாம் வேற்றுமைக்கு உரிய இடப்பொருள்களை அடுக்கிக் கூறுமிடத்துக் கீழ், மேல் என்பவற்றையும் சேர்த்துள்ளார். இன்றைய வழக்கில் ‘மேல்’ தான் தழுவும் உருபிற்கேற்பப் பொருள் வேறுபடுகிறது. ‘மேசைமேல் நூல் இருக்கிறது’ என்பதில் இரண்டும் தொட்டுக்கொண்டுள்ளன. ‘மேசைக்கு மேல் விளக்குத் தொங்குகிறது’ என நான்காம் வேற்றுமை வரின் இடையே வெளி உண்டு. அந்த வெளியே ‘நூற்றுக்கு மேல்’ என்பதில் அளவின் மிகுதியாகவும், ‘அதற்கு மேல்’ என்பதில் காலத்தின் பின்மையாகவும் விரிகிறது. உருபின்றி வருவதோ ‘மகன்மேல் அன்பு’, ‘அவர்மேல் வழக்கு’ என உள்ளமும் செயலும் சென்று பற்றும் இடத்தைக் காட்டுகிறது. தொடுதல், பற்றுதல் ஒருபுறம். விலகுதல், கடத்தல் ஒருபுறம். பல பொருளும் இவ்விரண்டினுள் பெரும்பாலும் அடங்கும்.

காலப்பொருளில் மயக்கம் மிகுதி. ‘இனிமேல்’ என்பது எதிர்காலம். ‘மேற்கூறிய’ என்பது முன்னரே கூறியது. உரைநூல்களில் ‘மேல்’ இவ்விரு வகையாகவும் வரும். ஏட்டில் மேலே உள்ளது முன்னர் எழுதப்பட்டது. செல்லும் வழியில் மேலே உள்ளது இனி அடைய வேண்டியது. முன்னதில் எழுத்து அளவுகோல். பின்னதில் பயணம் அளவுகோல். உரை கற்போர் வினைமுற்றின் காலத்தை நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

பேச்சு வழக்கில் ‘மேல்’ உடம்பையும் குறிக்கும். ‘மேலுக்குச் சொகமில்ல’, ‘மேலு காலெல்லாம் வலிக்குது’ என்பன இவ்வட்டாரத்தில் நாளும் கேட்கப்படுவன. புறத்தே தோன்றும் பரப்பு என்னும் பொருளினின்று இது கிளைத்ததாகலாம்.

இறுதியாக, மிகுந்த விழிப்போடு நோக்கத்தக்கது உயர்வுப்பொருள். மேலோர், மேன்மை என்பவற்றில் அது வெளிப்படை. விளைவில் நிலக்கிழாருக்கோ அரசுக்கோ உரிய பங்கை ‘மேல்வாரம்’ என்றும் உழுவோர் பங்கைக் ‘குடிவாரம்’ என்றும் வழங்கினர். அங்கே ‘மேல்’ திசையன்று, அதிகாரம். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப்பின் அச்சொல் பெரும்பாலும் ஆவணங்களில் மட்டும் எஞ்சியது. ஆனால் இப்பொருளை எங்கும் ஏற்றுதல் பிழை. மேலைச் சாளுக்கியர், கீழைச் சாளுக்கியர் என்பதில் ஒருவர் உயர்ந்தோரும் மற்றவர் தாழ்ந்தோரும் அல்லர். கீழத்தெரு என்பதும் கிழக்கிலுள்ள தெரு என்பதே. குடியிருப்புகள் திசையால் பிரிந்துகிடக்கும் ஊர்களில் திசைப்பெயரே ஒரு குழுவின் பெயர்போல ஒலிக்கத் தொடங்குவதுண்டு. அது சொல்லின் குற்றமன்று, சமுதாயத்தின் குற்றம். ஊர்ப்பெயராய்வு செய்வோர் அக்குற்றத்தைச் சொல்லின் வரலாற்றில் ஏற்றி, பிற்காலத்து இழிவிற்குப் பழமையின் சான்று தேடித் தருதல் ஆகாது.

ஆங்கில வழக்கொன்று இங்கே ஒப்புநோக்கத்தக்கது. பிரித்தானிய நாட்டில் இலண்டன் நோக்கிச் செல்லும் தொடர்வண்டி, நிலம் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும், ‘அப்’ எனப்படும். அங்கே தலைமை திசைக்குப் பெயர் தந்தது. தமிழிலோ நிலம் திசைக்குப் பெயர் தந்தது. தமிழ்த் திசைப்பெயர்களில் உயர்வு தாழ்வைத் தேடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

சுருங்கக் கூறின், ‘மேல்’ வரும் இடத்து மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். அது தழுவும் உருபு யாது? அளவுகோலாக நிற்பது நிலமா, ஏடா, காலமா, அதிகாரமா? அவ்வூர் மக்கள் அதனை எப்பொருளில் வழங்குகின்றனர்? முதல் வினாவிற்கு இலக்கணமும் இரண்டாவதற்கு ஆவணமும் விடை தரும். மூன்றாவதற்கு விடை தருபவர் வரப்பில் நிற்கும் உழவர். எம் மாணவருக்கு அன்று எல்லையைத் திருத்திக் காட்டியவரும் அத்தகைய முதியவர் ஒருவரே. அவர் பத்திரத்தைப் படிக்கவில்லை; கையை நீட்டி வாய்க்காலைக் காட்டினார்.