வங்கி இல்லாத வீட்டு விற்பனை: வில்லங்கம் பார்ப்பது யார்?

டெக்சஸில் ஊரைத் தாண்டிப் போகும் சாலைகளில் ‘ஓனர் ஃபைனான்ஸ்’ என்று எழுதிய பலகைகள் கண்ணில் படும். வீட்டை விற்பவரே கடனும் கொடுக்கிறார் என்று அர்த்தம். கொஞ்சம் முன்பணம் கட்டிவிட்டு, மீதியை வட்டியோடு மாதாமாதம் விற்றவரிடமே செலுத்த வேண்டும். கிரெடிட் ஸ்கோர் குறைந்தவர்கள், சம்பளச் சீட்டு காட்ட முடியாத சொந்தத் தொழில்காரர்கள், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் என்று வங்கி திருப்பி அனுப்பியவர்களுக்குப் பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி.

கையெழுத்துப் போடும் நாள் நெருங்கும்போது ஒரு கேள்வி எழும். டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது சொத்தின் உரிமைக்கான காப்பீடு, எடுக்க வேண்டுமா? “சட்டத்தில் கட்டாயம் இல்லை, எதற்கு வீண் செலவு?” என்று விற்பவர் சொல்லக்கூடும். கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் இப்படிப்பட்ட விற்பனைக்குத்தான் அந்தக் காப்பீடு மற்ற எதையும்விட அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

வங்கிக் கடனில் வீடு வாங்கும்போது இந்தக் கேள்வியே எழாது. கொடுக்கும் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வங்கியே தன் பெயரில் ஒரு பாலிசி கேட்கும். பாலிசி தர வேண்டிய நிறுவனம் சும்மா தந்துவிடாது. கவுன்டி அலுவலகப் பதிவேடுகளைப் பல வருடங்களுக்குப் பின்னோக்கிப் புரட்டி, யார் யாருக்கு விற்றார்கள், அடமானம் தீர்ந்ததா, நீதிமன்றத் தீர்ப்போ வரி பாக்கியோ வீட்டின் மேல் நிற்கிறதா என்று பார்க்கும். வங்கி தனக்காகக் கேட்ட தேடல் வாங்குபவரையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. வங்கி இல்லாத விற்பனையில் அந்தத் தேடலைக் கேட்க ஆளில்லை.

தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவார். ஏனென்றால் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்வாரே தவிர, சொத்து இன்னாருடையது என்று அரசு உத்தரவாதம் கொடுப்பதில்லை. அமெரிக்கக் கவுன்டிகளிலும் இதே நிலைதான். வக்கீலின் கருத்து தப்பாகப் போனால் யார் நஷ்டத்தை ஏற்பது என்ற கேள்விக்கு அங்கே கிடைத்த பதில்தான் டைட்டில் இன்சூரன்ஸ். 1868-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் வாட்சன் – மியூர்ஹெட் வழக்கு வந்தது. சொத்தின் மேல் இருந்த ஒரு தீர்ப்புக் கடனைப் பத்திர வேலை பார்த்தவர் கண்டுபிடித்திருந்தார். அது சொத்தைக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல் சொன்னதை நம்பி விற்பனையை முடித்துவைத்தார். வக்கீல் சொன்னது தப்பு. வாங்கியவருக்கு நஷ்டம். பத்திரக்காரர் அஜாக்கிரதையாக நடக்கவில்லை, ஆகவே அவர் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். எட்டு வருடம் கழித்து, 1876-இல், பிலடெல்பியாவில் முதல் டைட்டில் இன்சூரன்ஸ் நிறுவனம் பிறந்தது.

ஒரு உதாரணம் பார்ப்போம். சான் அன்டோனியோ பக்கம் 3 லட்சம் டாலருக்கு ஒரு வீடு, 30 ஆயிரம் முன்பணம். விற்பவரின் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். வீடு தனக்கே வந்ததாக மகன் நினைத்துக்கொண்டிருக்கிறார். டைட்டில் நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் ‘கமிட்மென்ட்’ என்ற சில பக்கத் தாள் வரும். அட்டவணை ஏ-யில் வீட்டின் விவரம், இப்போதைய உரிமையாளர் யார் என்பது. அட்டவணை பி-யில் பாலிசி எதையெல்லாம் ஏற்காது என்ற பட்டியல். அட்டவணை சி-யில் விற்பனைக்கு முன்னால் தீர்க்க வேண்டியவை. நம் உதாரணத்தில் அந்த சி-யில் மூன்று வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: வேறு மாநிலத்தில் இருக்கும் சகோதரியின் கையெழுத்து, இரண்டு வருடச் சொத்து வரி பாக்கி, இன்னும் தீராத வங்கி அடமானம். மூன்றையும் விற்பவர் மறைத்திருக்க வேண்டும் என்றில்லை, சகோதரிக்குப் பங்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்தத் தாள் இல்லாவிட்டால் வாங்குபவர் 30 ஆயிரத்தை எண்ணிக் கொடுத்திருப்பார்.

தேடலுக்கும் அகப்படாதவை உண்டு. போலிக் கையெழுத்து, யாருக்கும் தெரியாத வாரிசு, பதிவேட்டிலேயே நடந்த பிழை. பாலிசி முக்கியமாக இவற்றுக்காகத்தான். பின்னாளில் யாராவது வழக்குப் போட்டால் வக்கீல் செலவை நிறுவனமே ஏற்று நடத்தும். தோற்றால் பாலிசித் தொகை வரை இழப்பீடு தரும். பிரீமியம் ஒரே ஒரு முறை. டெக்சஸில் கட்டணத்தை மாநில அரசே நிர்ணயிக்கிறது. 3 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 2,000 டாலருக்குள் அடங்கிவிடும். வசூலாகும் பிரீமியத்தில் மிகச் சிறிய பங்குதான் இழப்பீடாகத் திரும்புகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நியாயமான குறைதான். ஆனால் அந்தத் தேடலும் திருத்தமும் நடப்பது அந்தப் பணத்தில்தான், வாங்குபவருக்கு வேண்டியதும் அதுதான்.

பாலிசி காப்பாற்றாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். விற்பவரின் பழைய வங்கிக் கடனைத் தீர்க்காமல் அதன் மேலேயே புதுக் கடன் எழுதுவதை ‘ராப்’ என்பார்கள். அந்த அடமானம் அட்டவணை பி-யில் விலக்காக ஏறிவிடும். வாங்குபவர் ஒரு மாதமும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்க, விற்றவர் அந்தப் பணத்தை வங்கிக்குக் கட்டாமல் விட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். டெக்சஸில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அந்த ஏலம் நடக்கும். அப்போது பாலிசியைக் காட்டிப் பயனில்லை. வீடு கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமையும் பெரும்பாலான வங்கிகளுக்கு உண்டு, 1982-இன் கார்ன் – செயின்ட் ஜெர்மைன் சட்டம் அதை உறுதி செய்தது. மாதத் தவணையை விற்பவர் கையில் கொடுக்காமல், வங்கிப் பங்கை நேரே வங்கிக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனம் ஒன்றின் வழியாகக் கட்டுவதே இதற்கு நடைமுறைத் தீர்வு.

அதைவிடக் கவலை தருவது ‘கான்ட்ராக்ட் ஃபார் டீட்’. கடைசித் தவணை கட்டும் வரை கிரயப் பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்கும். இந்த முறையின் வடு சிகாகோவில் இன்னும் ஆறவில்லை. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட காலம் அது. கிளைட் ராஸ் என்பவர் 1961-இல் அந்நகரின் நார்த் லான்டேல் பகுதியில் 27,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். விற்றவர் ஆறு மாதத்துக்கு முன் அதை வாங்கிய விலை 12,000. ஒரு தவணை தவறினாலும் வீடும் போய், அதுவரை கட்டியதும் போய்விடும். 1968-இல் அவரைப் போன்றவர்கள் ‘கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக்’ என்று சங்கம் கட்டிப் போராடினார்கள்.

இந்த ஒப்பந்தத்தில் வாங்குபவருக்கு வரும் ஆபத்து பழைய வில்லங்கத்தோடு நிற்பதில்லை. தவணை ஓடும் 10, 15 வருடத்தில் விற்றவர் புதிதாகக் கடன்படலாம், விவாகரத்தாகலாம், இறந்துபோகலாம். ஆகவே ஒப்பந்தத்தைக் கவுன்டி அலுவலகத்தில் பதிந்தே தீர வேண்டும். கையெழுத்தான 30 நாளுக்குள் விற்பவர் பதிய வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வாங்குபவரின் உரிமைக்கும் பாலிசி வாங்க முடியும், கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் இந்த வடிவமே வேண்டாம். பத்திரத்தை முதல் நாளே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டை விற்றவருக்கே அடமானமாக வைப்பது எவ்வளவோ மேல்.

அப்போது விற்பவரும் கடன் கொடுத்தவராகிறார், தன் அடமானம் முதல் இடத்தில் நிற்கிறதா என்று அவரும் பார்க்க வேண்டும். வாங்குபவரின் பாலிசியோடு சேர்த்து எடுத்தால் கடன் கொடுத்தவருக்கான பாலிசிக்கு டெக்சஸில் கூடுதல் செலவு 100 டாலர்தான்.

ஏற்கெனவே ஒப்பந்த முறையில் வாங்கிவிட்டிருந்தால், கடைசித் தவணை கட்டுவதற்கு முன் பதிவேட்டை இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள். பணம் கட்டிய 30 நாளுக்குள் பத்திரம் உங்கள் பெயருக்கு வர வேண்டும். வராவிட்டால் 31-ஆம் நாளிலிருந்து 90-ஆம் நாள் வரை தினம் 250 டாலரும், அதற்குப் பிறகு தினம் 500 டாலரும் விற்றவரிடம் கேட்க டெக்சஸ் சட்டம் இடம் தருகிறது.