பழைய மாருதியை பந்தயத்துல இறக்க ஆசையா? முதல்ல துருவைப் பாருங்க!

பழவேற்காடு:
வீட்டு ஓரமாக பழைய மாருதி 800 கார் ஒன்று சும்மா நிற்கிறதா? அதைத் தட்டி சரி பண்ணி பந்தயத்தில் ஓட்டினால் என்ன என்று வாலிபர்களுக்கு ஆசை வருவது சகஜம். ஆசையில் தப்பில்லை. ஆனால் முதல் காசை எதில் போடுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

இந்தப் பக்கத்துக்கு கார் பந்தயம் புதுசு இல்லை. பொன்னேரி தாண்டி சென்னைக்குப் போகும் வழியில் இருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளம் உண்டு. பல வருஷம் அங்கேதான் பந்தயம் நடந்தது. ரோட்டில் ஓடிய அம்பாசடர், பியட், ஹெரால்டு கார்களையே மெக்கானிக்குகள் மாற்றிக் கட்டி சீற விட்டார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி களம் வந்துவிட்டது.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன?

திறந்த மைதானத்தில் வளைந்து வளைந்து போகும் சின்னப் பாதை. ஏரியில் பாடு முறையில் முறை வைத்து வலை போடுவது போல, இங்கேயும் முறை வைத்துத்தான் கார்களை விடுவார்கள். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு ஜெயம். நேர் ரோடு கொஞ்சம், திருப்பம் அதிகம். அதனால் என்ஜின் வேகத்தை விட பிரேக்கும், ஸ்டியரிங்கும்தான் முக்கியம்.

மாருதி 800 இதற்குத் தோதான வண்டி. 796 சி.சி. என்ஜின், எடை சுமார் 650 கிலோதான். 1983-ல் வந்து 2014-ல் தயாரிப்பு நின்றது. ஆக, எல்லா வண்டியும் பழசுதான்!

உப்புக் காத்து செய்யும் வேலை

ஏரிக்கரையில் நிற்கும் காருக்கு முதல் எதிரி துரு. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போங்கள். தரைத் தகடு, முன் சக்கர ஷாக் அப்சர்பர் மேலே மாட்டியிருக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் இவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொத்தல் விழுந்தால் தகடு வெட்டி வெல்டிங் வைக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். துருப்பிடித்த தகட்டில் எவ்வளவு விலை உயர்ந்த பெல்ட் மாட்டினாலும் இடிபடும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

எதை முதலில் மாற்றணும்?

* பிரேக்: பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பொதபொதவென்று இறங்கிவிடும். ஆயிலை முழுசா மாற்றுங்கள். தேய்ந்த பேட், வெடித்த ஹோஸ் இரண்டும் புதுசு போடணும்.

* ஸ்டியரிங்: டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ் எதிலும் ஆட்டம் இருக்கக் கூடாது.

* ஹேண்ட் பிரேக்: முன் சக்கரம் இழுக்கும் வண்டி இது. குறுகிய திருப்பத்தில் பின்பக்கத்தைச் சுழற்ற ஹேண்ட் பிரேக் உதவும். கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் மாற்றுங்கள்.

* பெடல்: ஆக்சிலேட்டர் கேபிள் சிக்காமல் திரும்பணும். தரை விரிப்பை எடுத்துவிடுங்கள். பேட்டரி ஆடாமல் இறுக்கிக் கட்டணும்.

* டயர், ஷாக் அப்சர்பர்: நல்ல டயர் இல்லாமல் மற்ற எதுவும் பிரயோஜனம் இல்லை.

இதற்கு அப்புறம்தான் பந்தய சீட், பெல்ட், ஹெல்மெட், இரும்புக் கூண்டு. எதெல்லாம் கட்டாயம் என்பதை போட்டி நடத்தும் கிளப்பிடம் முன்கூட்டியே கேளுங்கள். போட்டிக்கு முன் வண்டியைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். என்ஜினில் கை வைப்பது கடைசி வேலை.

உசுரு முக்கியம்!

தயாரான வண்டியை பழவேற்காடு ரோட்டில் சோதிச்சுப் பார்க்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி பொது ரோட்டில் பந்தயம் குற்றம். 52-வது பிரிவின்படி அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைப்பதும் தப்பு. பந்தய வண்டியை லாரியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டு போவதே நல்லது. ரோட்டில் மீன் கூடையோடு பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்து போறாங்க. அதை மறக்க வேண்டாம்!