தகடு தாங்குமா?

அப்பாவுக்கு முதுகுவலி. எங்கள் 1998 மாருதி 800-இல் சீட் ஸ்பான்ஜ் உட்கார்ந்துபோய்க் கம்பி குத்த ஆரம்பித்திருந்தது. பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். ஏதோ புதிய காரிலிருந்து கழற்றிய ஒரு ஜோடி சீட் கண்ணில் பட்டது. நல்ல அகலம், நல்ல உயரம், கெட்டியான சாய்மானம். பேரம் பேசி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சீட் நகரும் ரெயிலுக்குத் தரையில் நாலு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு.

ஷெட்டில் டிங்கர் அண்ணன் முதலில் பிடித்துப் பார்த்தது சீட்டை அல்ல, அதன் பக்கவாட்டில் இருந்த பெல்ட் பக்கிளை. "தம்பி, இது சீட்டோட வருது. உங்க வண்டியில எங்க இருக்கு?"

எங்கள் காரில் பக்கிள் தரையில் போல்ட் போட்டு நிற்கிறது. இப்போதைய கார்கள் பலவற்றில் அதைச் சீட்டிலேயே மாட்டிவிடுகிறார்கள். சீட்டை முன்னே பின்னே தள்ளினாலும் பெல்ட் இடுப்பில் ஒரே மாதிரி படியும், நல்ல ஏற்பாடுதான். மோதும்போது மட்டும், உட்கார்ந்திருப்பவரின் இழுப்பில் பெரும்பங்கு ரெயில் வழியாகவும் ரெயில் போல்ட் வழியாகவும் தரைக்குப் போகும். அந்தக் காரில் அதற்கேற்ற பலத்தில் தரை செய்திருப்பார்கள். எங்கள் வண்டியின் ரெயில் போல்ட்டுகளுக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை.

இழுப்பு எவ்வளவு இருக்கும்? 50 கி.மீ. வேகத்தில் போகும் 70 கிலோ ஆள் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் சுமார் 1,400 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். மாருதி 800-இன் எடையே ஏறக்குறைய 650 கிலோ. அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, இரண்டு மாருதியைப் பெல்ட்டில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஐ.நா.வின் 14-ஆம் எண் வாகன விதியும் தோள் பெல்ட்டுக்கு 13.5, இடுப்பு பெல்ட்டுக்கு 13.5 கிலோநியூட்டன் என்று ஒரே நேரத்தில் இழுத்துத்தான் சோதிக்கச் சொல்கிறது.

"சரிண்ணே, சீட் பக்கிளைக் கழட்டிட்டு நம்ம பழைய பக்கிளையே வச்சுக்கலாமே?"

அண்ணன் சீட்டைச் சும்மா வைத்து, கூட வந்திருந்த அப்பாவை உட்காரச் சொன்னார். அகலமான குஷன் பக்கிளை அமுக்கி மறைத்துவிட்டது. சீட் உயரமானதால் கதவுத் தூணில் பெல்ட் மாட்டியிருக்கும் இடம் அப்பாவின் தோளுக்குக் கீழே போய்விட்டது. அப்படி இருந்தால் மோதலில் பெல்ட் தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். முதுகுவலிக்கு நான் வாங்கி வந்த வைத்தியம்!

பக்கிளை ரெண்டு இஞ்ச் பின்னால் தள்ளி வைத்துவிடலாம் என்றேன். அப்போது பெல்ட்டின் கோணம் படுத்துவிடும். இடுப்பெலும்பில் நிற்க வேண்டியது வயிற்றுக்கு ஏறும், உடம்பு அதன் அடியில் வழுக்கிக்கொண்டு போகும். அது மட்டுமல்ல. அண்ணன் தரைவிரிப்பை விலக்கித் தரையைச் சுத்தியலால் தட்டினார். பழைய போல்ட் இருந்த இடத்தில் 'டொக்'. ரெண்டு இஞ்ச் தள்ளி 'டங்'. கம்பெனி போட்ட இடத்தில் அடியில் கனத்த தகடும் அதோடு பற்றவைத்த நட்டும் இருக்கின்றன. பக்கத்தில் வெறும் தகடு, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. "இங்க ஓட்டை போட்டு வாஷர் வச்சா, அப்பளத்துல விரல் விட்ட மாதிரிதான்."

பழைய போல்ட்டையும் கடை 12 எம்எம் போல்ட்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு ரெண்டும் ஒன்றுதான். உண்மையில் பெல்ட் போல்ட் 7/16 இஞ்ச், 11.1 மில்லிமீட்டர், இஞ்சுக்கு 20 மரை. அந்த நட்டில் 12 எம்எம் போல்ட்டை ஸ்பேனரால் முடுக்கினால் மரையை அறுத்துக்கொண்டு ஏறும். கைக்கு நன்றாக டைட்டானது போலவே இருக்கும்.

வாங்கிய சீட்டைப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய சீட்டைக் குஷன் கடைக்கு எடுத்துப் போனேன். புது ஸ்பான்ஜ், புது ரெக்சின். "ரெண்டு இஞ்ச் ஏத்திக் குடுக்கட்டுமா சார்? ஏறி இறங்க சுகமா இருக்கும்" என்றார் கடைக்காரர். பழைய உயரமே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். தூணிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். தோளுக்கு வருவதற்குள் அடுத்த வண்டிக்காரர் கூப்பிட்டுவிட்டார்.