கோழி இறங்கிய மைதானம்

இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 கால்பந்து அணிகள் ஆடுகின்றன. ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமனானால் 1. சீசன் முடிவில் பட்டியலின் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் அணிகளுக்கு அடுத்த ஆண்டு அங்கே இடமில்லை. இரண்டாம் நிலைப் போட்டிக்கு இறங்கிவிட வேண்டும். அந்தப் போட்டியின் பெயர் ‘சாம்பியன்ஷிப்’. பெயரை வைத்தவர் நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவராக இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும். ஐபிஎல் கிரிக்கெட்டில் கடைசி இடம் பிடித்த அணி, ஏலத்தில் ஆட்களை மாற்றிக்கொண்டு மறு ஆண்டு அதே போட்டிக்கு வந்துவிடுகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் அந்த வசதி கிடையாது. அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் கோப்பைக்கான பந்தயத்தைவிட 17-ஆம் இடத்துக்கான பந்தயத்தில் பல சமயம் சூடு அதிகம்.

இந்தத் தரமிறக்கத்தில் மானத்தோடு பணமும் போகிறது. பிரீமியர் லீகின் தொலைக்காட்சி உரிமை வருமானம் எல்லா அணிகளுக்கும் பங்கிடப்படுகிறது. 2011-12 சீசனில் கடைசி இடம் வந்த அணிக்கே ஏறத்தாழ 4 கோடி பவுண்டு கிடைத்தது. இப்போது அது 10 கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டாம் நிலையில் கிடைப்பது இதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் போடப்பட்டிருக்கும். வருமானம் ஒரே நாளில் சரிய, சம்பளம் அப்படியே நிற்கும். முன்யோசனை உள்ள கிளப்புகள், தரமிறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கின்றன. எழுதாதவர்கள் நல்ல ஆட்டக்காரர்களை விற்கத்தான் வேண்டும். அவசரத்துக்கு நகையை விற்கப் போனவர் நிலைதான் அப்போது. எதிரே இருப்பவருக்கு அவசரம் தெரியும், விலை அதற்கேற்றபடி இறங்கும்.

அடி பலமாகப் படாமல் இருக்க லீகே ஒரு தொகை தருகிறது. அதற்குப் ‘பாராசூட் தொகை’ என்று பெயர். 2012-இல் கீழே போன அணிக்கு நான்கு ஆண்டுகளில் மொத்தம் 4.8 கோடி பவுண்டு என்பது கணக்கு. இப்போதைய விதிப்படி, எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும் தொலைக்காட்சிப் பங்கில் முதல் ஆண்டு 55 விழுக்காடும், இரண்டாம் ஆண்டு 45-ம், மூன்றாம் ஆண்டு 20-ம் வரும். ஒரே ஒரு சீசன் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கிய அணிக்கு மூன்றாம் ஆண்டுப் பணம் இல்லை. இந்தத் தொகை நிற்பதற்குள் மேலே ஏறிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் பாராசூட் பணத்தையும் புது ஆட்டக்காரர்கள் மீது கொட்டி, பிறகு பணமும் ஏற்றமும் இல்லாமல் நிற்கும் கிளப்புகள் உண்டு.

பணம், மேலாளர் மாற்றம், ரசிகர்களின் கோபம் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதைக் காட்ட பிளாக்பர்ன் ரோவர்ஸ் கதையைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. அதில் ஓர் இந்தியக் குடும்பமும் இருக்கிறது.

பிளாக்பர்ன், வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பழைய பஞ்சாலை நகரம். 1888-இல் கால்பந்து லீகைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ரோவர்ஸும் ஒன்று. நெடுங்காலம் ஒளி மங்கிக் கிடந்த கிளப்பை 1991-இல் உள்ளூர்க்காரரான உருக்கு வணிகர் ஜாக் வாக்கர் கையில் எடுத்தார். கென்னி டல்கிலீஷை மேலாளராக்கினார், ஆலன் ஷியரரை வாங்கினார். 1994-95-இல் அணி பிரீமியர் லீகையே வென்றது. லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு அது கனவு போன்ற காரியம். நான்கே ஆண்டில், 1999-இல், அதே அணி தரமிறங்கியது. 2000-இல் வாக்கர் இறந்தார். 2001-இல் அணி மறுபடி மேலே வந்தது. அதன்பின் கிளப்பைக் கவனித்த வாக்கர் அறக்கட்டளையிடம் போட்டிக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பணம் இல்லை.

2010 நவம்பரில் கிளப்பை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது புனேயின் வெங்கிஸ் நிறுவனம். கோழித் தீவனம் முதல் பொரித்த கோழி வரை தொழில் செய்யும் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் குழுமத்தின் அங்கம் இது. குழுமத்தை நிறுவிய பி.வி. ராவ்தான் 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாக முன்னின்றவர். நாமக்கல் முட்டை விலை என்று நாளிதழ்களில் வரும் அறிவிப்பு அந்தக் குழுவினுடையதுதான். ராவின் மகள் அனுராதா தேசாய், மகன்கள் வெங்கடேஷ், பாலாஜி ஆகிய மூவரும் ரோவர்ஸின் உரிமையாளர்கள் ஆனார்கள். முட்டை, கோழித் தொழிலில் அவர்கள் கரைகண்டவர்கள். கால்பந்துக் கிளப் நடத்திய அனுபவம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 13 அன்று மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். அப்போது அணி 13-ஆம் இடத்தில் இருந்தது. அலர்டைஸின் ஆட்டமுறை அழகானது என்று யாரும் சொன்னதில்லை. பந்தை நெடுக உதை, உயரமானவன் தலையால் முட்டட்டும் என்ற ரகம். ஆனால் மூழ்கும் அணியைக் கரையேற்றுவதில் அவருக்கு இருந்த பெயர் வேறு யாருக்கும் இல்லை. 2008 டிசம்பரில் அவர் வந்தபோது ரோவர்ஸ் 19-ஆம் இடத்தில் கிடந்தது. சீசன் முடிவில் 15-ஆம் இடம், மறு ஆண்டு 10-ஆம் இடம். அவருக்குப் பதிலாக வந்தவர் அவருக்குக் கீழே பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன். அதற்குமுன் எந்த அணிக்கும் அவர் மேலாளராக இருந்ததில்லை.

அந்த சீசனின் கடைசி நாள், 2011 மே 22. வுல்வர்ஹாம்டன் மைதானத்தில் ஆட்டம். இரு அணிகளுமே விளிம்பில் நின்றன. இடைவேளைக்குள் பிளாக்பர்ன் 3-0. உள்ளூர் ரசிகர்கள் காதில் வானொலியை வைத்துக்கொண்டு மற்ற மைதானங்களின் கணக்கைக் கூட்டிக் கழித்தபடி இருந்தார்கள். 73-ஆம் நிமிடம் ஒரு கோல். 87-ஆம் நிமிடம் ஸ்டீபன் ஹன்ட் இன்னொன்று போட்டார். 3-2 என்று தோற்ற அணியின் ரசிகர்கள் வென்றவர்களைப் போலக் குதித்தார்கள், ஏனென்றால் அந்தக் கணக்கில் அவர்களும் தப்பிவிட்டார்கள். வேறொரு மைதானத்தில் தோற்ற பர்மிங்ஹாம் இறங்கியது. பிப்ரவரியில் லீக் கோப்பையை வென்ற அணி அது. பிளாக்பர்ன் 43 புள்ளிகளுடன் 15-ஆம் இடம்.

மயிரிழையில் தப்பிய அணி கோடையில் பலப்படுத்திக்கொள்வதுதான் வழக்கம். இங்கே நடந்தது வேறு. இளம் தடுப்பாட்டக்காரர் ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அடுத்த குளிர்காலத்தில் ரயன் நெல்சனும் தூண் போல நின்ற கிறிஸ்டோபர் சாம்பாவும் போனார்கள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து வெங்கிஸ் கோழி சாப்பிடும் விளம்பரம் ஒன்றும் வந்தது. ஊர்க்காரர்களுக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான். தோல்வியைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட, தங்கள் அணி ஒரு பண்டத்தின் விளம்பரத் தட்டியாகிவிட்டது என்று கருதினார்கள். கீனை நீக்கக் கோரி ஆட்டத்துக்கு முன் ஊர்வலம், ஆட்டத்தின்போது கோஷம், முடிந்தபின் முற்றுகை என்று இலையுதிர் காலம் முழுவதும் எதிர்ப்பு நடந்தது. டிசம்பர் 20 அன்று போல்டனிடம் சொந்த மைதானத்தில் 2-1 என்று தோற்றபோது அது உச்சத்தை எட்டியது.

தரமிறக்கப் போராட்டங்களில் பொதுவாக ரசிகர்கள் கேட்பதற்கு முன்பே உரிமையாளர்கள் மேலாளரை அனுப்பிவிடுவார்கள். ஒரு மனிதரை நீக்குவது 25 ஆட்டக்காரர்களை மாற்றுவதைவிட எளிது, உடனடிச் செலவும் குறைவு. அதே சீசனில் வுல்வர்ஹாம்டன் பிப்ரவரியில் மிக் மெக்கார்த்தியை நீக்கியது. பதிலுக்கு வந்த டெரி கானர் 13 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. டச்சு லீகின் பல ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் தெர் வீல், மேலாளரை நீக்கிய அணிகள் அதன்பின் தேறினாலும், அதே சரிவில் இருந்து நீக்காமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அதே அளவு தேறுவதைக் காட்டினார். காய்ச்சலின் உச்சத்தில் மருந்து கொடுத்தால், மறுநாள் இறங்கும் காய்ச்சலுக்கு மருந்துதான் காரணம் என்று தோன்றும் அல்லவா, அதைப் போல.

பிளாக்பர்னில் நிலைமை தலைகீழ். 13-ஆம் இடத்தில் இருந்தவரை அவசரமாக நீக்கிய உரிமையாளர்கள், கடைசி இடத்துக்குப் போனவரை விடாப்பிடியாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு முடிவுகளும் மைதானத்திலிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர் தள்ளி எடுக்கப்பட்டவை. இடையில் ஓர் அதிசயமும் நடந்தது. டிசம்பர் 31, மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் 70-ஆம் பிறந்தநாள். பட்டியலின் அடியில் கிடந்த பிளாக்பர்ன் அவருடைய மைதானத்துக்கே போய் 3-2 என்று வென்றது. யாகுபு இரண்டு கோல், கிராண்ட் ஹான்லி வெற்றி கோல். அந்த ஆண்டு யுனைடெட் கோப்பையை இழந்தது வெறும் கோல் வித்தியாசத்தில்தான். பிளாக்பர்னுக்கோ அந்த வெற்றி போதவில்லை.

2012 மே 7, ரோவர்ஸின் சொந்த மைதானமான ஈவுட் பார்க், எதிரணி விகன். தோற்றால் கதை முடிந்தது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு ரசிகர் உயிருள்ள கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார். அதன் உடம்பில் ரோவர்ஸின் நீல வெள்ளைக் கொடி சுற்றப்பட்டிருந்தது. கோடிகள் புரளும் போட்டியில், ஆட்டக்காரர்கள் சற்று நேரம் கோழி பிடிக்க வேண்டியதாயிற்று. அரங்கில் சிரிப்பும் எழுந்தது, ஆனால் சிரித்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். 87-ஆம் நிமிடம் ஒரு கார்னரிலிருந்து விகனின் அல்கராஸ் தலையால் முட்டிப் போட்ட கோலில் 1-0. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு ரோவர்ஸ் இறங்கியது. சீசன் முடிவில் 31 புள்ளி, 19-ஆம் இடம்.

இரண்டாம் நிலைக்குப் போனபின் உரிமையாளர்கள் பணம் தராமல் இருக்கவில்லை. ஜோர்டன் ரோட்ஸ் என்ற கோலடிப்பவரை 80 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். நிலையாக இல்லாமல் போனது மேலாளர் நாற்காலி. செப்டம்பரில் கீன் விலகினார். அக்டோபர் இறுதியில் வந்த ஹென்னிங் பெர்க், 1995-இல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர், 57 நாளில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டனுக்கு 67 நாள். மிச்ச சீசனைப் பொறுப்பு மேலாளர் கேரி போயர் ஓட்டினார்; அணி 17-ஆம் இடம். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த பெர்க் பாக்கிச் சம்பளம் கேட்டு நீதிமன்றம் போனார். அப்படித் தர வேண்டும் என்ற ஒப்பந்த விதிக்கு ஒப்புக்கொள்ள எங்கள் நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என்று கிளப் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 22.5 லட்சம் பவுண்டு தரச் சொன்னது. பத்தே ஆட்டங்களுக்கு மேலாளராக இருந்தவருக்கான கணக்கு அது.

ரசிகர்களின் கோபம் காலப்போக்கில் வேறு வடிவம் எடுத்தது. கத்தியவர்கள் வராமல் இருந்துவிட்டார்கள். 2010-11-இல் சராசரியாக ஏறத்தாழ 25,000 பேர் வந்த அரங்கில், 2016-17-இல் அதில் பாதிதான். அந்த சீசனின் ஓர் ஆட்டத்தில் ஒரு கூட்டம் 18-ஆம் நிமிடம் உள்ளே வந்து 75-ஆம் நிமிடம் வெளியேறியது; கிளப் பிறந்தது 1875-இல். பங்கு எதுவும் இல்லாத ரசிகரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நுழைவுச்சீட்டு. அதை வாங்காமல் விட்டால் கிளப்பின் வருமானம்தான் குறையும், அணி இன்னும் நலியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். உரிமையாளர்களும் சும்மா இருக்கவில்லை. நட்டத்தை ஈடுகட்ட அவர்கள் இதுவரை போட்ட பணம் 20 கோடி பவுண்டுக்கு மேல்.

2017 பிப்ரவரியில் டோனி மோப்ரே மேலாளராக வந்தபோது அணி சாம்பியன்ஷிப்பின் அடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் பிரென்ட்ஃபோர்டில் 3-1 என்று வென்றது. பயனில்லை. 51 புள்ளிகளுடன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குச் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தில் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. பிரீமியர் லீகை வென்ற ஓர் அணி அவ்வளவு கீழே போனது அதுதான் முதல் தடவை. அன்றைய தேதியும் மே 7. கோழி மைதானத்தில் ஓடி சரியாக ஐந்து ஆண்டு. இந்த முறை உரிமையாளர்கள் மேலாளரை நீக்கவில்லை. மறு ஆண்டே மோப்ரே அணியை இரண்டாம் இடம் பிடிக்கவைத்து சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பக் கொண்டுவந்தார்; 2022 வரை அதே நாற்காலியில் இருந்தார்.